கோவைப் பட்டறைகள் தொடாத கருவி

கோயம்புத்தூரில் இன்று ஒரு கல்லூரி மாணவர் தன் முதல் அனலாக் சிந்தசைசரை வாங்க நினைத்தால், அவர் கேள்விப்படும் பெயர்கள் எல்லாம் வெளிநாட்டுப் பெயர்களாகவே இருக்கும். ஜப்பானின் கோர்க், ரோலண்ட், பிரான்சின் ஆர்டூரியா, அமெரிக்காவின் மூக், ஜெர்மனியில் பிறந்த பெஹ்ரிங்கர் என்று பட்டியல் நீளும். கருவியின் விலையோடு கப்பல் கூலியும் வரியும் சேரும். வாங்கிய பின் ஒரு குமிழ் உடைந்தால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கவலையும் சேரும். வேறு ஊராக இருந்தால் இதில் வியப்பில்லை. ஆனால் இது மோட்டாரும் பம்ப்செட்டும் கிரைண்டரும் நூற்பு இயந்திரமும் செய்து நாடு முழுக்க அனுப்பிய ஊர். வெளியிலிருந்து வந்த விலையுயர்ந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, உள்ளூர்ப் பட்டறையில் செய்து, உழவரும் வீட்டுப் பெண்களும் வாங்கும் விலைக்குக் கொண்டுவருவதுதான் நூறாண்டுகளாகக் கொங்கு நாட்டின் தொழில் வரலாறு. அந்த வரலாற்றில் மின்னணு இசைக்கருவி மட்டும் ஏன் இடம்பெறவில்லை? திறமைக் குறைவு என்றோ இசை ஆர்வக் குறைவு என்றோ சொல்லிவிட முடியாது. ஒரு கருவியைப் பயன்படுத்துகிறவரும் அதைப் பழுது பார்க்கிறவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்த இடங்களில்தான் அந்தக் கருவி மலிவானது. சிந்தசைசர் விஷயத்தில் அந்த அண்மை கோவைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்த ஒரு வாய்ப்பும் 1950களில் கைநழுவியது. இதுதான் இக்கட்டுரையின் வாதம்.

கோவையின் இயந்திர வரலாறு பெரும்பாலும் ஒரு தொடக்கநிலையாளர் வாங்கிய ஒற்றைக் கருவியில் தொடங்குகிறது. கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவை ஓட்டல் ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார் என்பதை அவரைப் பற்றி எழுதிய எல்லோரும் பதிவு செய்திருக்கிறார்கள். வாங்கிய வண்டியை அவர் பிரித்து மாட்டிப் பழகினார் என்பதே அந்தச் செய்தியில் முக்கியமானது. சாமிக்கண்ணு வின்சென்ட்டின் கதையும் அதே வகைதான். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905இல் துய்ப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தையும் சில மௌனப் படங்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். இருவரும் வாங்கியது இன்னொருவர் பயன்படுத்திய பழைய கருவி. இருவருக்கும் அருகில் வழிகாட்ட ஆள் இல்லை. கருவியைத் தாங்களே பராமரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பராமரிப்பில் பெற்ற அறிவே அவர்களது முதலீடாயிற்று. வாங்கிய விலையைவிட, வாங்கியதைத் திறந்து பார்க்க முடிந்ததுதான் அவர்களைத் தொழில் செய்கிறவர்களாக்கியது.

தனி மனிதர்களிடம் இருந்த இந்தப் பழக்கம் ஊர்ப் பழக்கமாக மாறியதற்கு மின்சாரமும் பஞ்சும் காரணம். 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையை அடுத்து மெல்ல மெல்ல வளர்ந்த ஆலைத்தொழில், 1930களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் வந்ததும் வேகம் பிடித்தது. ஆலை என்றால் இயந்திரம். இயந்திரம் என்றால் தேய்கிற பாகம். லங்காஷயரிலிருந்து ஒரு பற்சக்கரம் வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிடப் பீளமேட்டிலோ சிங்காநல்லூரிலோ ஒரு பட்டறையில் கடைந்து வாங்குவது எளிது. அதே மின்சாரம் கிணற்று மேட்டுக்கும் போனது. மழை குறைந்த கொங்கு மண்ணில் கிணறு ஆழமானது. கவலை இறைத்து மாளவில்லை. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து செய்த மின்மோட்டாரே இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று சொல்லப்படுகிறது. அதற்குப் பின் பம்ப்செட் தொழில் ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கத்துச் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குப் பரவியது. ஒருவர் வார்ப்பு ஊற்ற, இன்னொருவர் லேத்தில் கடைய, மூன்றாமவர் காயில் சுற்ற, நான்காமவர் பொருத்தி விற்றார். நாட்டின் பம்ப்செட்டுகளில் ஏறத்தாழப் பாதி கோவையில் செய்யப்படுகிறது என்று சொல்லும் நிலை வந்தது. இதற்குப் பின்னால் இருந்த விசை எளிமையானது. மோட்டார் எரிந்துபோன உழவர், அன்றைக்கே பட்டறைக்கு வந்து நின்றார். எந்த இடத்தில் எரிந்தது, ஏன் எரிந்தது என்று பட்டறைக்காரர் கண்ணால் பார்த்தார். அடுத்த மோட்டாரை அதற்கேற்ப மாற்றினார். பயன்படுத்துகிறவரின் குறை செய்கிறவரின் காதுக்கு நேரே போய்ச் சேர்ந்தது.

இதற்கு இன்னும் தெளிவான சான்று கிரைண்டர். 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மாவரைக்கும் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்தார். அதற்கு முன்மாதிரி எந்த நாட்டிலும் இல்லை. இட்லி மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதை அறிந்த கையும், மோட்டாரின் வேகத்தைக் குறைக்கத் தெரிந்த கையும் ஒரே ஊரில் இருந்ததால் பிறந்த கருவி அது. கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வந்தது. மோட்டார் உள்ளூர்ப் பட்டறையிலிருந்து வந்தது. முதலில் ஓட்டல்களுக்கென்று செய்த பெரிய இயந்திரம், பின்னர் சாய்க்கும் கிரைண்டராகவும் மேசைக் கிரைண்டராகவும் சுருங்கி வீட்டு அடுப்படிக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றமும் பயன்படுத்துகிறவர்களின் முறையீட்டுக்குக் கிடைத்த பதில். பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விலை குறைந்ததும் வடிவம் திருந்தியதும் ஒரே காரணத்தால் நடந்தவை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மலிவு என்பது தரத்தைக் குறைத்து அடைந்த ஒன்றாக இருக்கவில்லை. தேவையற்றதை நீக்கத் தெரிந்ததால் கிடைத்த பலன் அது.

சரி, ஒலி தரும் மின்னணுக் கருவியை இந்த ஊர் ஒருபோதும் தொடவில்லையா? தொட்டது. 1941இல் ஐந்து வால்வு ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி.டி. நாயுடு அறிவித்தார். சென்னை வானொலி நிலையம் 1938லும் திருச்சி நிலையம் 1939லும் தொடங்கியிருந்த காலம் அது. பாட்டும் செய்தியும் காற்றில் வந்துகொண்டிருந்தன. கேட்கும் பெட்டிதான் பணக்கார வீட்டுப் பொருளாக இருந்தது. அந்த அறிவிப்பு ஒரு பெருந்தொழிலாக வளரவில்லை. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. வால்வு இந்தியாவில் செய்யப்படவில்லை. பற்சக்கரத்தைக் கடைவதுபோல வால்வைப் பட்டறையில் கடைந்துவிட முடியாது. கோவைக்கென்று வானொலி நிலையம் வந்ததும் 1966இன் இறுதியில்தான். ஒலியைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஊரில் நிலைத்திருக்காத நிலையில், அந்தக் கருவிக்கான முறையீடும் மேம்பாடும் ஊருக்குள் சுழல வாய்ப்பில்லாமல் போனது. ஆனாலும் 70 ரூபாய் என்ற அந்த இலக்கம் ஒன்றைச் சொல்கிறது. பம்ப்செட்டுக்குப் பொருந்திய சிந்தனை ஒலிக்கருவிக்கும் பொருந்தும் என்று கோவையில் ஒருவர் அன்றே நம்பினார்.

ஒலியைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஊரில் இல்லாமலே இருந்ததில்லை என்பதும் உண்மை. 1930களின் பிற்பகுதியில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோஸ் எழுந்தது. ஆலை முதலாளிகளின் பணமும் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு போன்றவர்களின் உழைப்பும் சேர்ந்து அதை நடத்தின. பின்னர் ஸ்ரீராமுலு நாயுடு பட்சிராஜா ஸ்டூடியோவைத் தனியே நடத்தினார். ஜூபிடர் நிறுவனம் கோவையில் படமெடுத்தது. 1947இல் எம்.ஜி.ஆர். கதாநாயகனாக வந்த 'ராஜகுமாரி'யும் 1954இல் வந்த 'மலைக்கள்ள'னும் கோவையில் உருவானவை. இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் வாத்தியக் குழு இங்கே மாதச் சம்பளத்தில் இருந்தது. எம்.எஸ். விசுவநாதன் எடுபிடி வேலை செய்து இசை பயின்றதும் சென்ட்ரல் ஸ்டூடியோஸ் வளாகத்தில்தான். அந்த இருபது ஆண்டுகளில் ஒலிப்பதிவாளரும் வாத்தியக்காரரும் மோட்டார் மெக்கானிக்கும் ஒரே ஊரில் வாழ்ந்தார்கள். 1950களில் படத்தொழில் சென்னைக்கு நகர்ந்தது. கோடம்பாக்கம் வளர்ந்தது. சிங்காநல்லூர் ஆலைச் சங்கின் ஊராகவே மிஞ்சியது. இசைக் காதுகள் சென்னைக்குப் போய்விட, இயந்திரக் கைகள் கோவையில் நின்றுவிட்டன. உலகில் சிந்தசைசர் பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக இந்தப் பிரிவு நேர்ந்தது. பின்னால் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

சிந்தசைசர் பிறந்த விதமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1964இல் நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மூக் என்ற பொறியாளரும் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதை உருவாக்கினார்கள். அதன் அடிப்படை எளிமையானது. ஆசிலேட்டர் என்னும் சுற்று மின் அலையை உண்டாக்குகிறது. அந்த அலை ரம்பப் பல் வடிவில் இருந்தால் ஒலி கூர்மையாகவும், சதுர வடிவில் இருந்தால் துளைக்கருவிபோல உள்ளீடற்றும் கேட்கும். ஃபில்டர் அந்த ஒலியின் மேல் அதிர்வுகளை வடிகட்டி மென்மையாக்குகிறது. என்வலப் என்பது ஒலி எவ்வளவு விரைவாக எழுந்து எப்படித் தணிய வேண்டும் என்பதை வகுக்கிறது. இவை எல்லாவற்றையும் மின்னழுத்தத்தால் ஆள முடியும் என்பதுதான் மூக் தந்த பெரிய யோசனை. ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். தறிக்கும் மோட்டாருக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகிய ஊருக்கு இது புரியாத கணக்கல்ல. 1970இல் மூக் நிறுவனம் ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கி மினிமூக் என்று விற்றது. விலை ஏறக்குறைய 1,500 டாலர். அன்றைய நாணய மதிப்பில் 11,000 ரூபாய்க்கு மேல். சுங்கவரி தனி. கொங்கு நாட்டில் நடுத்தர வீடு எதுவும் நினைத்துப் பார்க்கும் தொகையல்ல அது.

இந்தியாவுக்கு மின்னணு இசை வந்த பாதை நெடுக இந்த விலைச் சுமையின் தடம் தெரிகிறது. 1954இல் வந்த இந்திப் படம் 'நாகின்'-இல் மகுடி ஓசையைப் பிரான்சில் பிறந்த கிளாவியோலின் என்ற கருவியில் கல்யாண்ஜி வாசித்தார். 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு பெரிய மூக் கருவியை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அதில் வேலை செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்த ஒலிக்கூடம் ஓய்ந்தது. அதில் பதிவான நாடாக்கள் பல பத்தாண்டுகள் கழித்தே வெளியுலகுக்குத் தெரியவந்தன. பொருள் வந்தது, ஆனால் அதைச் சுற்றி ஒரு பட்டறைத் தெரு உருவாகவில்லை. சென்னையில் வேறொரு வழி உருவானது. மலையாளத் திரையிசையில் பெயர்பெற்ற ஆர்.கே. சேகர் வெளிநாட்டு மின்னணுக் கருவிகளைச் சேர்த்து வைத்திருந்தார். 1976இல் அவர் மறைந்தபின் அந்தக் கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் வாழ்ந்தது. அவர் மகன்தான் ஏ.ஆர். ரஹ்மான். விலை எட்டாதபோது வாடகை ஒரு வழி என்பதை இது காட்டுகிறது. ஆனால் வாடகைக் கருவியை யாரும் பிரித்துப் பார்க்கத் துணிய மாட்டார்கள். கருவியை இயக்கும் அறிவு பரவியது. அதைச் செய்யும் அறிவு பரவவில்லை.

அதே சமயம் கொங்கு நாட்டில் இன்னொரு பக்கம் வேறொரு கைத்திறன் வளர்ந்துகொண்டிருந்தது. மாரியம்மன் நோம்பி, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எதற்கும் மைக்செட் வேண்டியிருந்தது. ரேடியோ பழுது பார்க்கிறவரே ஆம்ப்ளிஃபையரும் கட்டித் தந்தார். 2N3055 டிரான்சிஸ்டரும் உள்ளூரில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரும் தகரப்பெட்டியும் போதும். கம்பெனிப் பெட்டியின் விலையில் ஒரு பங்குக்கு அது கிடைத்தது. எரிந்தால் மறுநாள் சரியாகிவிடும். இன்னிசைக் குழுக்கள் அந்தப் பெட்டிகளில்தான் பாடின. அனலாக் சிந்தசைசருக்குத் தேவையான மின்னணு அறிவில் பாதி இந்த ரேடியோக்காரர்களிடம் இருந்தது. ஆம்ப்ளிஃபையர் கட்டத் தெரிந்தவருக்கு ஆசிலேட்டரும் ஃபில்டரும் எட்டாத உயரமல்ல. ஆனால் மேடையில் வைத்திருந்த கீபோர்டை அவர்கள் தொட முடியவில்லை. 1980இல் காசியோ நிறுவனம் காசியோடோன் வரிசையைத் தொடங்கியது. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 டிஜிட்டல் முறையில் ஒலியை உண்டாக்கியது. உலகம் அனலாக்கைக் கைவிட்டு டிஜிட்டலுக்குத் தாவிய அதே ஆண்டுகளில்தான் நம் ஊர் மேடைகளுக்குக் கீபோர்டு வந்து சேர்ந்தது. டிஜிட்டல் கருவியின் ஒலி ஒரு சில்லுக்குள் எழுதி மூடப்பட்ட கணக்கு. சாலிடர் கம்பியோடு உட்காரும் மெக்கானிக்குக் கண்ணால் பின்தொடர ஒரு பாதையும் அதில் இல்லை. அவர் விசைகளைத் துடைக்கலாம், பவர் சப்ளையை மாற்றலாம், அவ்வளவுதான். கொங்கு நாட்டின் கைத்திறனுக்குப் பொருந்திய அனலாக் கட்டம் நம்மைக் கடந்துபோன பின்னரே கருவி நம்மிடம் வந்தது.

அண்மைதான் மலிவைத் தரும் என்ற இந்த வாதத்துக்கு இந்தியாவிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் காலால் மிதிக்கும் பெரிய மேசை. கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி இயக்கும் பெட்டியாகச் சுருக்கினார். அவர் இசைக்கருவிக் கடைக்காரர். வாசிப்பவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதை நாள்தோறும் பார்த்தவர். அந்தச் சுருக்கம்தான் ஆர்மோனியத்தைத் தமிழ் நாடக மேடை வரை கொண்டு சேர்த்தது. இரண்டாவது சான்று இன்னும் அருகில் இருக்கிறது. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், தாமே புல்லாங்குழல் வாசிப்பவர். 1979இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கி ராடெல் என்ற பெயரில் விற்றார். இன்று கச்சேரி மேடைகளிலும் பாட்டு வகுப்புகளிலும் அந்தப் பெட்டி சாதாரணக் காட்சி. விமானத் தொழிற்சாலையும் மின்னணு ஆலைகளும் இசைச் சபைகளும் ஒரே நகரத்தில் இருந்த பெங்களூரில் அது பிறந்தது தற்செயல் அல்ல. தமிழ்நாட்டுக்கு வெளியே நின்று அந்தப் பொறியாளர் செய்ததை, சிங்காநல்லூர் ஸ்டூடியோக்கள் நிலைத்திருந்தால் கோவையில் ஒருவர் செய்திருக்கக்கூடும் என்று கருத நியாயம் இருக்கிறது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு, இன்றைய நிலையைப் பற்றியது. கைபேசியிலேயே இலவசமாகச் சிந்தசைசர் மென்பொருள் கிடைக்கிறது, ஒரு நல்ல மடிக்கணினி இருந்தால் மினிமூக்கின் ஒலியை ஏறக்குறைய அப்படியே பெறலாம், பின் ஏன் தனிக் கருவி என்று கேட்பார்கள். பாட்டுப் போட மட்டும் நினைக்கிறவருக்கு அந்தக் கேள்வி சரியானதே. அவர் காசைச் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் ஒலி எப்படி உருவாகிறது என்று அறிய விரும்புகிற தொடக்கநிலையாளருக்கு நிலை வேறு. குமிழ் ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் செய்யும் அனலாக் கருவியில், கையால் திருப்பியதும் காதில் விழுந்ததும் நேரே இணைகின்றன. மூடியைக் கழற்றினால் அந்தக் குமிழிலிருந்து போகும் கம்பி எந்தச் சுற்றுக்குப் போகிறது என்று தெரிகிறது. மென்பொருளில் அந்த மூடியே இல்லை. கொங்கு நாட்டின் தொழில் அறிவு முழுவதும் மூடியைக் கழற்றியதால் வந்தது என்ற வரலாற்றை ஏற்றுக்கொண்டால், கற்கும் கருவிக்கு மூடி இருக்க வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு மறுப்பு இசையைப் பற்றியது. கட்டை கட்டையாகத் தாவும் மேல்நாட்டுக் கருவியில் நம் கமகங்களுக்கு இடமில்லை, அதைத் தொடாததே நல்லது என்பார்கள். அகில இந்திய வானொலி 1940 முதல் முப்பது ஆண்டுகள் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்கும் இதே போன்ற காரணம்தான் சொல்லப்பட்டது. ஆர்மோனியத்துக்கு அந்தக் குறை பொருந்தும். அனலாக் சிந்தசைசருக்குப் பொருந்தாது. அதில் சுருதி என்பது மின்னழுத்தம். மின்னழுத்தம் தாவவும் செய்யும், வழுக்கிச் செல்லவும் செய்யும். 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் அவர் பயன்படுத்திய ரோலண்ட் டிபி-303, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கும் கருவி. அந்தத் தட்டு அன்று கவனிக்கப்படவில்லை. அந்தக் கருவியும் விற்பனையாகாமல் 1984இல் நிறுத்தப்பட்டது. பழைய கருவிக் கடைகளில் மலிவாகக் கிடந்த அதே 303ஐச் சிகாகோவின் வசதியற்ற இளைஞர்கள் வாங்கி ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையை உண்டாக்கிய பின், 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபடி வெளியானபோது உலகம் திரும்பிப் பார்த்தது. வயலின் நம் இசைக்குள் வந்து இருநூறு ஆண்டுகளாகின்றன. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஒரு மின் மாண்டலினைக் கச்சேரி வாத்தியமாக்கினார். எந்தக் கருவி நம்முடையது என்பதை அது பிறந்த ஊர் முடிவு செய்வதில்லை. வாசிப்பவரின் கையும் அதற்கேற்பக் கருவியைத் திருத்துகிறவரின் கையும் முடிவு செய்கின்றன.

மூன்றாவது மறுப்பு கணக்கைப் பற்றியது. பம்ப்செட்டுக்கு லட்சக்கணக்கான கிணறுகள் இருந்தன, கிரைண்டருக்குக் கோடி அடுப்படிகள் இருந்தன, சிந்தசைசருக்கு எத்தனை பேர்? சந்தை இல்லாத பொருளைப் பட்டறை செய்யாது என்பது உண்மை. சீனாவில் பெருந்தொகையாகச் செய்து இறக்கும் விலையோடு கோவைப் பட்டறை போட்டியிட முடியாது என்பதும் உண்மை. 2010க்குப் பின் விலை சரிந்த வேகம் அதைத்தான் காட்டுகிறது. கோர்க் 2013இல் வெளியிட்ட வோல்கா வரிசை 150 டாலர் அளவில் கிடைத்தது. மினிமூக்கைப் பின்பற்றிப் பெஹ்ரிங்கர் செய்த மாடல் டி ஏறக்குறைய 300 டாலருக்கு வந்தது. ஆனால் சந்தையின் அளவை இன்று இருக்கும் தலைகளை எண்ணி முடிவு செய்வது கோவையின் வரலாற்றுக்கு எதிரானது. 1955இல் மின் கிரைண்டருக்கும் சந்தை கிடையாது. கருவி வந்தபின் சந்தை வந்தது. பாகங்களின் பக்கமும் கதவு திறந்திருக்கிறது. 1980 வாக்கில் முழு ஆசிலேட்டரையும் ஒரே சில்லில் அடக்கிய சிஇஎம் 3340 பல காலம் கிடைக்காமல் இருந்து, 2016இல் மறுபடி உற்பத்திக்கு வந்தது. லாட்வியாவின் ஆல்ஃபா நிறுவனம் அதற்கு இணையான சில்லைச் செய்கிறது. 1941இல் வால்வுக்கு இருந்த தடை இன்று இல்லை. மும்பையில் அனிமல் ஃபேக்டரி என்ற சிறு நிறுவனம் கிதாருக்கான ஒலிப் பெடல்களைச் செய்து வெளிநாட்டுக்கும் விற்கிறது. சிறிய அளவில் செய்து பிழைக்க முடியும் என்பதற்கு அதுவே போதுமான சான்று.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு தொடக்கநிலையாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் தெளிவானது. எத்தனை ஒலிகள் உள்ளே இருக்கின்றன என்று எண்ணி வாங்குவது கீபோர்டு வாங்கும் முறை. அனலாக் கருவிக்கு அது பொருந்தாது. ஒரே ஒரு ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒரு என்வலப் இருந்தால் கற்க வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. குமிழ்கள் வெளியே இருக்க வேண்டும், பட்டியலுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. வெளியிலிருந்து மின்னழுத்தமோ தாளத் துடிப்போ வாங்கும் துளை இருந்தால், நாளை தானே கட்டும் சுற்றை அதோடு இணைக்கலாம். சுற்றுப்படம் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். 2010இல் வந்த கையடக்க மோனோட்ரானுக்குக் கோர்க் நிறுவனமே சுற்றுப்படத்தை வெளியிட்டது. அதனால் உலகெங்கும் மாணவர்கள் அதைத் திருத்திப் பழகினார்கள். பேட்டரியில் ஓடினால் மின்வெட்டும் தடையில்லை, திறந்து பார்க்கும்போது ஆபத்தும் இல்லை. பழைய கருவி கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. ரட்ஜ் வண்டியும் சாமிக்கண்ணு வாங்கிய படக்கருவியும் பழையவைதான்.

மீதி வேலை ஊருடையது. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம் பம்ப் செய்யக் கற்றுக்கொடுத்த ஊர் இது. 1945இல் தொடங்கிய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியும் அதற்குப் பின் வந்த பல பொறியியல் கல்லூரிகளும் இன்று ஆண்டுதோறும் மின்னணு மாணவர்களை அனுப்புகின்றன. அவர்களுடைய ஆய்வகங்களில் ஆசிலேட்டரும் ஃபில்டரும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் அலைகாட்டியின் திரையோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்தச் சுற்றை ஒலிபெருக்கியோடு இணைத்து, ஒரு வாத்தியக்காரரை அருகில் உட்காரவைத்து, அவர் சொல்லும் குறையைக் கேட்டு மாற்றுவதற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. இசைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் ஒன்றையொன்று அழைக்க வேண்டும், அதுவே போதும். கோவையின் மின்னணுத் துறைகள் அடுத்த ஆண்டின் மாணவர் செயல்திட்டங்களில் ஒன்றையாவது இதற்கு ஒதுக்கட்டும். முதல் சிந்தசைசரை வாங்கப்போகும் மாணவரும் அதை வாங்கி வாசித்துப் பழகியபின், மூடியைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். இந்த ஊரில் மோட்டாரும் கிரைண்டரும் எட்டும் விலைக்கு வந்தது அப்படித்தான்.